மூக்குக் காவல்

பெருங்காய டப்பாவைத் திறந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. சாம்பாருக்குத் தாளிக்க நின்றேன். மூடியைத் திருகியதும் நெடி நேரே நெற்றிப்பொட்டுக்கு ஏறியது. இது தெரிகிறது, அப்படியென்றால் இன்றைக்கு நான் பத்திரம் என்று ஒரு நினைப்பு ஓடியது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே அடுத்த நினைப்பு: வீட்டில் எல்லோருக்கும் தெரிகிறதா? கடுகு வெடித்துக் கருகியது. அடுப்பை அணைத்துவிட்டு டப்பாவோடு முன்னறைக்கு ஓடினேன்.

“எல்லாரும் மோந்து பாருங்க. ஒவ்வொருத்தரா.”

தம்பி கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “எக்காவுக்கு அடுத்த கிறுக்கு புடிச்சிட்டு” என்றான்.

தொற்றின் இரண்டாம் அலை வடிந்திருந்த நேரம் அது. பாளையங்கோட்டையில் கடைகள் திறந்துவிட்டன. டவுன் பஸ் படிகளில் மறுபடியும் ஆட்கள் தொங்கினார்கள். எங்கள் வீட்டு வாசற்கதவு மட்டும் உள்தாழ்ப்பாள் போட்டபடியே கிடந்தது. காரணம் அம்மா. மூட்டுவாதத்துக்கு அம்மா வருடக்கணக்காகச் சாப்பிடும் மாத்திரை, வலியை அடக்குவதற்காக உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்தே அடக்கிவைக்கும். தடுப்பூசி போட்டாயிற்று. ஆனால் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது எவ்வளவு தூரம் பிடிக்கும் என்று சொல்ல முடியாது, வந்தால் தாங்குவது கஷ்டம், வீட்டுக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் போனில் சொல்லிவிட்டார். அவர் குரலில் பயமுறுத்தும் தொனி இருந்திருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சலித்துப்போய்ச் சொன்னார்.

ஆக, அப்பா, தம்பி, நான் மூவரும்தான் அம்மாவின் கதவுகள். எங்களில் யாராவது திறந்துகொண்டால் அது உள்ளே வந்துவிடும்.

எதிர்வீட்டு மாடிக் கொடியில் ஒரு கட்டம்போட்ட சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் துவைத்துக் காயப்போட்டவரைச் சித்திரை மாதத்தில் ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு அவருடைய மனைவி மகளோடு போய்விட்டார். சட்டையை எடுக்க ஆளில்லை. வெயிலில் நிறம் போய், மழையில் நனைந்து, மறுபடி காய்ந்து, காற்றடித்தால் கையை மட்டும் தூக்கும். நான் மாடிக்குப் போவதையே நிறுத்தியிருந்தேன்.

நான் விலங்கியலில் முதுகலை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவள். இணையத்தில் ஆரம்பித்துப் பாதியில் விட்ட படிப்புகள் நிறைய. எதையாவது கண்டுபிடித்தே தீரவேண்டும் என்ற அரிப்பு. பழைய குழல்விளக்கை வைத்துக் காய்கறிக்குக் கிருமிநீக்கப் பெட்டி செய்யப்போய் ஃப்யூஸைப் போகவைத்தேன். பால் பாக்கெட்டைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, ஒரு வாரம் எல்லோரும் சோப்பு வாசக் காப்பி குடித்தோம். என் காப்பியைக் குறை சொல்வது அம்மாவின் அன்றாடக் கடமை. தூள் ஜாஸ்தி, பால் நீத்துப்போச்சு, சூடில்லை என்று தினமும் ஒன்று இருக்கும். அந்த வாரம் மட்டும், “இன்னைக்குக் காப்பி குடிக்கவா, குளிக்கவா?” என்று கேட்டாள்.

ஆனால் இந்த மூக்குச் சோதனை அப்படியில்லை. இதில் அர்த்தம் இருந்தது. வாசம் போவது பலருக்கு முதல் அறிகுறி. காய்ச்சலே இல்லாமல் அது மட்டும் வந்தவர்களும் உண்டு. எல்லோருக்கும் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் வெப்பமானி, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், அவற்றோடு கூட இதுவும் என்று முதலில் வைத்தேன். நாளடைவில் வெப்பமானியின் பேட்டரி தீர்ந்தது, யாரும் வாங்கவில்லை. ஆக்சிமீட்டர் அலமாரிக்குப் போய்விட்டது. மிஞ்சியது மூக்கு.

அம்மாவின் காலி மாத்திரை டப்பாக்கள் ஆறு எடுத்தேன். வெள்ளை பிளாஸ்டிக், உள்ளே இருப்பது தெரியாது. லேபிளைச் சுரண்டி, மூடியில் ஊசியைக் காய்ச்சித் துளை போட்டேன். பெருங்காயக் கட்டி, ஓமம், காப்பித்தூள், சுக்கு, கிராம்பு என்று ஐந்து. ஆறாவதில் தம்பி தன் பங்காக நெத்திலிக் கருவாடு போட்டான். எது எது என்று அடியில் எனக்கு மட்டும் புரிகிற குறி. காலைக் குடும்ப ஜெபம் முடிந்து ஆமென் சொன்ன கையோடு டப்பாக்கள் வரும். கலைத்து ஆளுக்கு ஒன்று கொடுப்பேன். கண்ணை மூடி, முகர்ந்து, பெயரைச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னவர் அன்று வெளியே போகலாம், அம்மாவின் பக்கத்திலும் உட்காரலாம்.

முதல் நாளே அப்பா டப்பாவைக் காதருகே வைத்துக் குலுக்கினார். பிறகு மூக்குக்குக் கொண்டுபோனார்.

“எதுக்குப்பா குலுக்குதிய?”

“வாசத்த எழுப்பணும்லாட்டி. சும்மா தூங்கிட்டுக் கெடந்தா எப்படி வரும்?” என்றவர் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, “ஓமம்” என்றார்.

சரிதான். எனக்கு ஒரே சந்தோஷம். குலுக்கினால் துகள் கிளம்பும், காற்றில் கலக்கும், அறிவியலாகத்தானே இருக்கிறது! அன்றிலிருந்து எல்லோரும் அப்பாவைப்போலவே குலுக்கிவிட்டுத்தான் முகர வேண்டும் என்று விதி செய்தேன். அதன்பின் ஜெபம் முடிந்ததும் எங்கள் முன்னறையில் அம்மாவையும் சேர்த்து நான்கு பேர் மருந்துப் புட்டியைக் குலுக்குவதுபோலக் குலுக்கிக்கொண்டு நிற்போம். “ஆஸ்பத்திரி பஜனை” என்பான் தம்பி.

அப்பாவின் மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் அது பெயர்பெற்ற மூக்கு. வருடத்துக்கு ஒரு முறை எங்கள் கோயிலில், அதாவது சர்ச்சில், அசனம் நடக்கும். சபையார் எல்லோரும் அரிசியும் ஆடும் விறகுமாகக் கொண்டுவந்து கொடுத்து, கோயில் வளாகத்திலேயே அண்டா அண்டாவாகச் சமைத்து, வரிசையாக உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். ஏழை பணக்காரன் இல்லாமல் ஒரே குழம்பு. இதில் எங்கள் சபைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. எங்கள் போதகரான ஐயர் வந்து ஜெபம் பண்ணும்வரை அசனக் குழம்பை யாரும் வாயில் வைக்கக் கூடாது. ருசி பார்ப்பது என்ற பேச்சே இல்லை. அப்படியானால் உப்பு போதுமா, கறி வெந்ததா, விறகை எப்போது இழுப்பது? எல்லாம் ஆவியின் வாசத்தை வைத்துத்தான். அதைச் சொல்லும் வேலை அப்பாவுடையது. பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற மனிதர். சத்தமாக ஒரு வார்த்தை பேசமாட்டார். அசனத்தன்று மட்டும் அண்டாவின் மேல் குனிந்து, கண்ணை மூடி, “இன்னும் ஒரு கை உப்பு” என்பார். பெரிய பெரிய ஆட்கள் ஓடிப்போய் எடுத்துவருவார்கள்.

ஆகவே அவர் ஒவ்வொரு நாளும் டப்பாவைச் சரியாகச் சொன்னதில் எங்களுக்கு வியப்பே இல்லை. தம்பி ஒரு நாள் சுக்கையும் கிராம்பையும் மாற்றிச் சொல்லிவிட்டு, பயந்துபோய் பகல் முழுக்க மாடியறையில் அடைந்து கிடந்தான். சாயங்காலம் கருவாட்டுக்கு முகத்தைச் சுளித்த பிறகே இறங்க விட்டேன். அப்பா ஒரு நாளும் தவறவில்லை.

டப்பாக்களை நம்பித்தான் நாங்கள் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தோம். முதலில் அம்மா தெருமுனைவரை நடந்தாள். பிறகு வள்ளியூரிலிருந்து சித்தி வந்து முற்றத்தில் தள்ளி உட்கார்ந்து, முகக்கவசத்துக்குள்ளேயே அழுதுவிட்டுப் போனாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காத ஒவ்வொரு நாளும் எங்களை அடுத்த படிக்குத் தள்ளியது. அம்மா சமையலறையில் மறுபடி பாட ஆரம்பித்தாள். ஓய்ந்திருந்த குரல் முதலில் கரகரத்து, பிறகு பைய தெளிந்து வந்தது. அதைக் கேட்டு அப்பா ஹாலில் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார்.

ஒரு காலையில் ஆற்றுக்குப் போனோம். ஆளில்லாத படித்துறையாகத் தேடி, அம்மாவைக் கடைசிப் படியில் உட்காரவைத்தோம். தாமிரபரணிக்குள் பாதங்களைக் கணுக்கால்வரை விட்டுக்கொண்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்பா காற்றை இழுத்தார். “பாவநாசத்துக்கு மேல மழ பெஞ்சிருக்கு. புதுத்தண்ணி. வாசம் தெரியுதா மக்ளே?”

“எனக்குச் சோப்பு வாசந்தான் வருது” என்றான் தம்பி. மேல்படியில் யாரோ துவைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

நானும் இழுத்துப் பார்த்தேன். பாசி வாசம்தான் வந்தது. அப்பாவின் மூக்கு எங்கே, என் மூக்கு எங்கே என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீர் அன்று செம்மண் கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்ததையும் கேட்டதையும் சேர்த்து யோசிக்கவில்லை.

அப்புறம் அசனம் வந்தது. நின்றுபோயிருந்த அசனத்தை இந்த வருடம் நடத்துவது என்று சபையில் முடிவாயிற்று. வரிசையில் உட்கார வேண்டாம். சமைத்து, ஐயர் ஜெபம் பண்ணி, பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடலாம். சமையலுக்கு நிற்பவர்கள் முகக்கவசத்தைக் கழற்றவே கூடாது. சமையல் பொறுப்பு அரிசி மண்டி வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு. அவர் அப்பாவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போடாமலே வீடு முழுவதும் கேட்கும் குரல் அவருக்கு.

“வே, ஒம்ம மூக்க எங்கன கொண்டு ஒளிச்சு வச்சிருக்கீரு? ஒமக்கு மட்டும் கவசம் வேண்டாம்னு ஐயர்ட்ட சொல்லி வாங்கியாச்சு. நீரு வந்தாத்தான் அண்டாவ எறக்குவோம்.”

அப்பா போனை மறு காதுக்கு மாற்றினார். “வயசாயிட்டு அண்ணாச்சி. வேற யாரையாவது...” என்று இழுத்தார்.

“வேற யாருக்கு வே மூக்கு இருக்கு? எல்லாம் மூஞ்சியில ஒட்டிக்கிட்டுக் கெடக்கு.”

அப்பா சிரித்தார். தயங்கிச் சிரித்தார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அடக்கம் என்று நினைத்தேன்.

அம்மாவும் வருவேன் என்று நின்றாள். நான் மறுத்தேன். கூட்டம், புகை, தெரியாத ஆட்கள் என்று அடுக்கினேன். அம்மா கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தாள்.

“ஏளா, எனக்கு ஏதும் ஆனா அது ஒன் டப்பாவத் தாண்டி வந்ததால ஆகாது. இந்தச் செவத்தப் பாத்துப் பாத்தே ஆகும். மரத்தடியில தள்ளி ஒரு நாற்காலியப் போடு. மணி அடிக்கத கேட்டுட்டு வந்துருதேன்.”

இன்று காலைதான் அது. ஜெபம் முடிந்தது. டப்பாக்கள் வந்தன. அப்பா காதருகே குலுக்கினார், முகர்ந்தார், “கிராம்பு” என்றார். சரி. நாங்கள் கிளம்பினோம்.

கோயில் வளாகத்தில் விறகுப் புகை சுவரோரமாகவே சுற்றிக்கொண்டிருந்தது. வாகை மரத்தடியில் அம்மாவுக்கு நாற்காலி போட்டேன். முகத்தில் இரண்டு கவசம். காற்று அண்டாப் பக்கமிருந்து மரத்தை நோக்கி அடித்தது. நகர்த்திப் போடட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், இங்கிருந்தால்தான் கோயில் வாசல் தெரிகிறது என்றாள்.

அண்டாவைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கண்வரை மூடியிருந்தார்கள். யார் யாரென்று நடையை வைத்துத்தான் சொல்ல வேண்டும். அப்பா மட்டும் கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக் குனிந்தார். ஆவி அவர் முகத்தை மறைத்தது.

“எப்படி வே?” என்றார் அண்ணாச்சி.

“பக்குவமா வருது. இப்ப விறக இழுக்காண்டாம். இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும்.”

நான் அம்மாவுக்குத் தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, தள்ளிப்போய் என் கவசத்தை இறக்கி ஒரு மடக்குக் குடித்தேன். அப்போது அடித்தது. அடிபிடித்த வாசம். லேசாக இல்லை, கறியும் மசாலாவும் சட்டியின் அடியில் கரியாகும் அந்தக் கசந்த நெடி. தொண்டையில் வந்து ஒட்டியது. அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அண்டாவின் மேல், அந்த நெடியின் நடுவில், கண்ணை மூடி, புன்னகையோடு மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்.

“நல்லாருக்கு” என்று தலையை ஆட்டினார்.

கத்த வாயெடுத்தேன். அதற்குள் துடுப்புப் போட்டுக் கிண்டியவர் அடியைத் தொட்டுவிட்டார். துடுப்போடு கருகல் கருந்தோலாக மேலே வந்தது.

அண்ணாச்சி தன் கவசத்தைப் பிடுங்கி இழுத்தார். “எய்யா! அடிபுடிச்சிட்டுல்லா! இழுங்கலே விறக, இழுங்க!”

ஓட்டமும் சத்தமும். மேலாக இருந்ததை அள்ளி வேறு அண்டாவுக்கு மாற்றினார்கள். அப்பா அந்தக் கருந்தோலைப் பார்த்தார். பிறகு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கவசங்களுக்கு மேலே எல்லோரும் கண்ணையும் நெற்றியையும் சுளித்துக்கொண்டிருப்பதைப் பார்த்த பிறகுதான் அவரும் சுளித்தார். “ஆமா... இப்பத்தான் லேசா...” என்றார்.

“லேசாவா? தெக்குத் தெருவரைக்கும் அடிக்கு வே! வீட்டுக்குள்ளயே கெடந்து மூக்கு துருப்புடிச்சிட்டு ஒமக்கு. நாளைக்கே கொண்டுபோய் எண்ணெய் விடும்.” எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். தம்பி என்னைப் பார்த்தான், அவன் சிரிக்கவில்லை.

மரத்தடிக்கு வந்தேன். “என்னட்டி அங்கன சத்தம்?” என்றாள் அம்மா.

“குழம்பு அடிபிடிச்சிட்டு.”

“அப்படியா?” என்றாள் ஆச்சரியமாக.

ஐயர் வந்தார். ஜெபம் பண்ணினார். பொட்டலங்கள் கைமாறின. பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு வாங்கிக்கொண்டு ஓடின. அப்பா குனிந்து மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்த அண்டாவின் குழம்பு தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருந்தது. கொதித்த குழம்பில் எதுவும் பிழைக்காது என்று விலங்கியல் படித்த மூளை சொன்னது. ஆனால் அண்டாவைச் சுற்றி நின்றவர்கள் கொதிக்கவில்லையே. அவர்கள் முகத்துக்கு முன்னால்தான் அப்பா பேசினார், சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் யாருக்கும் தெரியாமல் டப்பாக்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். ஏன் அப்படிச் செய்தேன் என்றால், குலுக்கும் கை ஒன்று மனதுக்குள் ஆடிக்கொண்டே இருந்தது. நானே ஒவ்வொன்றையும் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தேன். ஓமம் மணல்போலச் சரசரத்தது. பெருங்காயக் கட்டி டொக்டொக்கென்று மோதியது. சுக்கு அதைவிட மெதுவாக. கிராம்பு சிலுசிலுவென்று. கருவாடு உலர்ந்த சருகுபோல. காப்பித்தூளுக்குச் சத்தமே இல்லை, அதுவே அதன் அடையாளம். கண்ணை மூடிக்கொண்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஆறையும் சொன்னேன். ஆறும் சரி.

பஞ்சை எடுத்து ஒவ்வொரு டப்பாவிலும் அடைத்தேன்.

குளித்துவிட்டு வந்த அப்பாவிடம் ஒன்றை நீட்டினேன். “இப்ப என்னத்துக்குட்டி?” என்றபடி வாங்கினார். குலுக்கினார். நிறுத்தினார். மறுபடி, இன்னும் பலமாக, காதோடு ஒட்டவைத்துக் குலுக்கினார். பிறகு முகர்ந்தார். நீண்ட நேரம் முகர்ந்தார்.

“இதுல ஒண்ணும் இல்லையேட்டி.”

அறையின் அந்த மூலையில் நின்ற தம்பி சொன்னான்: “அப்பா, எனக்கு இங்கன வரைக்கும் பெருங்காயம் அடிக்கு.”

அப்பா டப்பாவை மேசைமேல் வைத்தார். மூடியைச் சரிபார்த்து, கவனமாக வைத்தார். அம்மா சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எப்ப இருந்து?” என்று கேட்டேன்.

“அந்தச் சித்திரைக் காய்ச்சல்ல இருந்தே.”

எதிர்வீட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு போன அதே வாரம், அப்பாவுக்கும் காய்ச்சல் வந்தது. மாடியறையில் கிடந்தார். வெயில் காய்ச்சல் என்றார். நாங்களும் வெயில் காய்ச்சல் என்றோம். வேறு பெயர் சொல்ல வீட்டில் யாருக்கும் தைரியமில்லை. எழுந்து வந்தார், நன்றாக நடமாடினார், அத்தோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டோம்.

“பொய் சொல்லாதிய” என்றாள் அம்மா. “போன வாரம் அடுப்புல பால் தீயுதுன்னு மொதல்ல கத்துனது யாரு? நீங்கதான?”

“நீ ஓடி வந்தத ஜன்னல் வழியா பாத்தேன்.”

“ஆத்துல?”

“தண்ணி செவந்து கெடந்துச்சுல்லா.”

தம்பி தரையில் உட்கார்ந்துவிட்டான். “ஏம்ப்பா சொல்லல?”

அப்பா அவனை விட்டுவிட்டு என்னைப் பார்த்துப் பேசினார். “சொன்னா நீ ஒங்கம்மாவத் திருப்பிப் பூட்டிப் போட்ருவ மக்ளே. அவ அப்பந்தான் பாட ஆரம்பிச்சிருந்தா.” துண்டால் கழுத்தைத் துடைத்தபடி, “அதோட, ரிட்டையர் ஆனப்ப ஆபீஸ்ல ஒரு கடிகாரம் குடுத்தாக. கோயில்ல ஒரு அண்டாவையே நம்பிக் குடுத்தாக. அத நான் என்னன்னு சொல்லி விட?” என்றார்.

கோபம் வரவில்லை எனக்கு. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன். வந்தது கணக்கு. அப்பா சொல்வது உண்மையென்றால், இத்தனை மாதமும் எங்கள் வாசலில் காவலே இல்லை. சித்தி வந்தபோது இல்லை. ஆற்றுக்குப் போனபோது இல்லை. கடைக்கும் பாங்குக்கும் அப்பா போய்வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் வாசித்த எந்த நாளிலும் இல்லை. அது அதிர்ஷ்டம் மட்டுமே. உண்மையில்லை என்றால் இன்னும் மோசம். பலருக்கு வாசம் சில மாதத்தில் திரும்பிவிடுகிறது. அப்பாவுக்கும் நடுவில் திரும்பியிருந்து, இந்த வாரம் மறுபடி போயிருந்தால்? எங்கள் பயத்தைத் தணிக்க இப்போது பழைய தேதியைச் சொல்கிறாரோ? எங்களுக்காகத்தான் இத்தனை நாள் பொய் சொன்னேன் என்கிறவரின் எந்த வார்த்தையை எடுத்துக்கொள்வது?

அவர் தொண்டையைச் செருமினார். “புகை” என்றார். எங்கள் எல்லோர் தொண்டையிலும் புகை இருந்தது.

தொற்றுப் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும் இடத்துக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லை, நாளைக் காலை வாருங்கள் என்றார்கள். அப்பாவே அண்ணாச்சியைக் கூப்பிட்டார். நாங்கள் யாரும் சொல்லவில்லை, அவராகவே எடுத்தார்.

“என்ன வே, துருவுக்கு எண்ணெய் விடணுமா?” என்று அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது.

“ஒரு விசயம் அண்ணாச்சி. எனக்கு வாசமே இல்ல. நாளைக்கு டெஸ்ட்டுக்குப் போறேன். இன்னைக்கு அண்டாப் பக்கம் நின்னவங்க, முடிவு தெரியத வரைக்கும், வீட்டுல பெரியவங்க இருந்தா கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லுங்க.”

அந்தப் பெரிய குரல் அதன் பிறகு எங்களுக்குக் கேட்கவில்லை. அப்பா மட்டும் “ஆமா... ஆமா அண்ணாச்சி” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தம்பி அப்பாவின் பாயையும் தலையணையையும் மாடியறைக்குத் தூக்கிப்போனான். இறங்கி வந்தவன், “எதிர்வீட்டுச் சட்டையக் காணோம். காத்துல விழுந்துட்டு போல” என்றான்.

சாயங்காலம் காப்பி போட்டேன். நினைப்பு மாடியில் இருந்ததில் எதை எவ்வளவு போட்டேன் என்று தெரியவில்லை. ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். தூள் கூடிப்போய்க் கசந்தது. அம்மாவின் அறை ஜன்னலை முழுக்கத் திறந்து, வாசலில் ஸ்டூல் போட்டு அதன்மேல் டம்ளரை வைத்தேன். அவள் எடுத்துக் குடித்தாள். கடைசிவரை குடித்தாள். காலி டம்ளரை ஸ்டூல்மேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தூள் ஜாஸ்தி என்று சொல்லவில்லை.

நான் அங்கேயே நின்றேன். மரத்தடியில் “அப்படியா?” என்று அவள் ஆச்சரியப்பட்டது அப்போதுதான் எனக்கு முழுதாகக் கேட்டது. காற்று அவளை நோக்கித்தானே அடித்தது. இரண்டு கவசம் போட்டிருந்தாள், உண்மைதான். இன்றைக்கு இவ்வளவு நடந்த பிறகு யாருக்குக் காப்பியில் மனம் இருக்கும், அதுவும் உண்மைதான்.

“அம்மா, ஒரு டப்பா மட்டும் மோந்து பாக்கியளா?”

“இன்னைக்குப் போதும்ட்டி. காலையில பாப்போம்.” திரும்பாமலே சொன்னாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மாடியில் அப்பா நடக்கும் சத்தம் கேட்கிறது. ஆக்சிமீட்டரைத் தேடி எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். வெப்பமானிக்குப் பேட்டரி வாங்கத் தம்பி போயிருக்கிறான். ஆறு டப்பாக்களையும் காலி செய்து கழுவி, பழகிய எதுவும் இல்லாமல் புதிதாக நிரப்பிவிட்டேன்: கற்பூரவல்லி இலை, நார்த்தங்காய்த் தோல், சீரகம், மிளகு, புதினா, காய்ந்த மல்லிகை. எல்லாவற்றிலும் பஞ்சு அடைத்தாயிற்று. நாளைக் காலை ஜெபம் முடிந்ததும், அப்பா டெஸ்ட்டுக்குக் கிளம்பும் முன், முதல் டப்பாவை அம்மாவிடம்தான் நீட்டப்போகிறேன். நான் செய்த விதிப்படி அவள் அதைக் காதருகே கொண்டுபோய்க் குலுக்குவாள். சத்தம் எதுவும் வராது. அதற்குப் பிறகு அவள் முகர வேண்டும்.